எடைமேடையிலிருந்து பார்த்தவை

இந்த வருஷம் எதையுமே
ஒரே மூச்சில் பார்க்கவில்லை.
பர்கூர் தாண்டி, சர்வீஸ் ரோட்டோரம்,
எட்டுக்கு ஆறு தகர அறை.
கதாநாயகி வாயைத் திறப்பாள்,
வெளியே ஹாரன்.
வண்டி நம்பர், மொத்த எடை, வெற்று எடை, கையெழுத்து.
திரும்பி வந்தால் திறந்த வாயோடு
அப்படியே நிற்பாள், பாவம்.

ஊரே கொண்டாடிய படத்தைக்
கிருஷ்ணகிரிக்கே போய்ப் பார்த்தேன்.
நூற்றைம்பது ரூபாய், பாப்கார்ன் தனி.
அதில் அவன் ஒரு கருங்கல் பாளத்தைத்
தோளில் தூக்கி ஜீப்பின்மேல் எறிந்தான்.
விசில் பறந்தது.
நான் நீளம் அகலம் உயரம்
பெருக்கிக்கொண்டிருந்தேன்.
கனமீட்டருக்கு இரண்டே முக்கால் டன்.
எப்படிக் குறைத்துப் போட்டாலும் ஆறு வருகிறது.
ஆறு டன்னைத் தூக்கியவன்
அடுத்த காட்சியில் அம்மா முன்னால்
ஒரு சொல்லைத் தூக்க முடியாமல் அழுதான்.
அதுவாவது நம்பும்படி இருந்ததா என்றால்,
இல்லை.

இன்னொன்று எங்கள் மாவட்டத்தின் பேரைச் சொல்லி எடுத்தது.
மாந்தோப்பு சரி. பாறை சரி.
பேசினவர்கள் மட்டும் வைகைக் கரையில்
பஸ் ஏறி வந்தவர்கள்.
ஒருத்தர் வாயிலும் ஒரு 'கீது' இல்லை.
கோபம் வந்தால் தெலுங்குக்குத் தாவுகிற
ஒரு மாமியார் இல்லை.
இருபதாம் நிமிடம் அணைத்தேன்.

பனி கொட்டும் ஊரில் கொலை, பத்து பாகம்.
ஏழாம் பாகத்தில்
ரசீதுக்கு ஜன்னலில் கை நீட்டிய திம்மராயன்
எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அந்தத் தபால்காரன்தாம்மா.
எல்லா வூட்டுக்கும் போறான்,
ஒரு நாய்கூட கொலைக்கல பாரு."
மூன்று ராத்திரி காத்திருந்தேன்.
கொன்றவன் ஒன்பதாம் பாகத்தில்
புதிதாக முளைத்த ஓர் அண்ணன்.
எனக்கு இன்னும் தபால்காரன்தான்.

அழுததும் உண்டு, சொல்ல வெட்கம்.
ஆறே நாளில் தியேட்டரை விட்டு ஓடிய படம்.
ஆஸ்பத்திரி கவுன்டரில் ஒருவன்
சில்லறை வரைக்கும் எண்ணுகிறான்,
பின்னால் நிற்பவர் "சீக்கிரம்யா" என்று கத்துகிறார்.
அவ்வளவுதான் காட்சி. நடிப்புகூடச் சுமார்.
தருமபுரியில் அதே மாதிரி ஒரு வரிசையில்
முன்னால் நின்று எண்ணியிருக்கிறேன்.
வேறொரு நாள்
பின்னால் நின்று கத்தியும் இருக்கிறேன்.
கிளீனர் பையன் முனிராஜ் பார்த்துவிட்டான்.
கல்தூசி என்றேன்.
இந்த வேலையில் அது ஒரு சௌகரியம்.

சரி, பிடித்தது.
ஏதோ தூரத்து நாட்டுத் தொடர்,
தமிழ் பேசவைத்திருந்தார்கள்,
முதலாளியம்மாவுக்கும் வேலைக்காரிக்கும் ஒரே குரல்.
நான்காம் பாகத்தில் ஒருத்தி
பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.
பஸ் வருகிறது. ஏறவில்லை. போய்விடுகிறது.
செருப்பைக் கழற்றி
ஒரு சின்னக் கல்லைத் தட்டி எடுக்கிறாள்,
உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறாள்.
இசை கிடையாது. நாலு நிமிடம்.
அந்த நாலு நிமிடமும்
மேடைக்கு ஒரு வண்டிகூட வரவில்லை.
இந்த வருஷம் நான்
முழுசாகப் பார்த்தது அது ஒன்றுதான்.
அடுத்த பருவம் கிடையாதாம்,
பார்க்க ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்களாம்.
நான் பார்த்தேனே.

மேசையில் இன்னொரு திரை உண்டு.
சிவப்பு எண்கள், கதை கிடையாது,
நடிப்பும் கிடையாது என்றுதான் இருந்தேன்,
முதலாளி போனில்
"இந்த வண்டிக்கு இருநூறு கொறச்சிக்கம்மா" என்னும் வரைக்கும்.
குறைத்தேன்.
ஆறு டன் தூக்கியவனைப் பார்த்துச் சிரித்தவள்
இருநூறு கிலோவை ஒரு விரலால் தூக்கிவிட்டேன்.
யாரும் விசிலடிக்கவில்லை.

தம்பி கட்டிய சந்தா நாளையோடு முடிகிறது.
ஒரு படத்தில் பதினொரு நிமிடம் பாக்கி.
வாசலில் நிற்கிறவன் உள்ளே வருவானா, தெரியாது.
அவன் கை கதவில் இருக்கிறது.
வண்டி ஏறிவிட்டது,
எண்கள் ஓடுகின்றன.